ஒத்துப்போச்சுங்க மேம்

டிசம்பர் 2, திங்கள்

இனிமேல் ஒவ்வொரு ஆசிரியரும் "பிரதிபலிப்பு நாட்குறிப்பு" எழுத வேண்டுமாம். தர மதிப்பீட்டுக் குழு வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு. அதில் இன்றைக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "முதல்வருடன் பயனுள்ள கலந்துரையாடல் நடைபெற்றது." உண்மையில் நடந்தது என்ன என்று எழுத எல்.ஐ.சி.காரன் கொடுத்த இந்த டைரி இருக்கிறது. வீட்டில் பால் கணக்கு எழுதக்கூட யாரும் தொடாமல் கிடந்தது.

முதல்வர் குழந்தைவேல் கூப்பிட்டு அனுப்பினார். "உட்காருங்க மேடம்" என்றார். அவர் உட்காரச் சொன்னால் நம்மிடமிருந்து எதையோ பிடுங்கப் போகிறார் என்று அர்த்தம். விலங்கியலில் மூன்றாம் வருஷம் பதினாலு பேர், இரண்டாம் வருஷம் ஆறு பேர், முதல் வருஷம் சுத்தமாக ஆளே இல்லை. ஜூன் மாதம் விலங்கியலுக்கு அட்மிஷனே வேண்டாம், இழுத்து மூடிவிடலாம் என்று நிர்வாகம் சொல்கிறதாம். துறைத் தலைவர் நான். மற்ற இரண்டு பேரும் வேறு கல்லூரிக்கு ஓடிப் போய்விட்டதால் துறையும் நான்தான்.

"ஒரே ஒரு வழி இருக்குதுங்க மேடம்" என்றார். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நாற்பது கல்லூரிகளுக்கு ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. தென்னையைக் குடைகிற சிவப்புக் கூன்வண்டின் மரபணுத் தொடர் முழுவதையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து, கோடிக்கணக்கில், மாறி மாறி. அதில் எந்த மரபணு எந்த எழுத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று அடையாளம் வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் உத்தேசமாகத்தான் சொல்லுமாம். மனுஷக் கண் வேண்டுமாம். அதற்கு இளநிலை மாணவர்கள். "ஆராய்ச்சி செய்தே கற்றல்" என்று அதற்குப் பெயர். சம்பளம் இல்லாத ஆள் கிடைத்தால் எதற்கும் நல்ல பெயர் வைக்கலாம்.

"மார்ச்ல மொதல் பட்டியல் போடறாங்க. அதுல நம்ம காலேஜ் பேர் மேல வந்துச்சுன்னா ஜூன்ல உங்க டிபார்ட்மென்டுக்கு அட்மிஷன் போடறதுக்கு நானாச்சு. வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

கரப்பான் பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியை அறாமல் எடுத்து ஊசியில் குத்தி வைப்பதில் இந்த ஜில்லாவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது எதையும் அறுக்கக் கூடாது. இனி வண்டையே பார்க்காமல் வண்டைப் படிக்க வேண்டும்.

டிசம்பர் 12, வியாழன்

கோயம்புத்தூரில் பயிற்சி முகாம். நிகில் என்று ஒரு பையன், பெங்களூர் நிலையத்திலிருந்து வந்தவன், பனியன் மாதிரி ஒரு சட்டை, எங்கள் எல்லோரையும் "கைஸ்" என்று கூப்பிட்டான். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கிற தாவரவியல்காரர். அவரும் கைஸ்தான்.

ஒரு விஷயம் மட்டும் உருப்படியாகச் சொன்னான். ஒரே மரபணுவை இரண்டு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவர் குறித்த எண்களும் ஒத்துப்போனால்தான் பட்டியலில் ஏறும். எந்தக் கல்லூரியில் அதிகம் ஒத்துப்போகிறதோ அந்தக் கல்லூரி மேலே வரும்.

அட்டவணையைப் பற்றியும், எண்ணுவதைப் பற்றியும், பூஜ்யத்தைப் பற்றியும் என்னவோ விளக்கினான். அப்போது வடை வந்தது.

ஜனவரி 6, திங்கள்

வகுப்பு ஆரம்பம். கம்ப்யூட்டர் லேபில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கம்ப்யூட்டர் என்ன சாமியா என்று நான் கேட்டதற்கு லேப் பையன் செருப்பு ஸ்டாண்டைக் காட்டினான். பதினாலு பேரும் ஆளுக்கொரு திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பி.எஸ்ஸி விலங்கியலை விரும்பி எடுத்தவர்கள் இதில் ஒருவரும் இல்லை. நர்சிங் கிடைக்காதவர்கள், பார்மஸி கிடைக்காதவர்கள், பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதென்று வந்தவர்கள்.

தரணிதரன் மட்டும் பளிச்சென்று இருக்கிறான். எப்போதும் முதல் மதிப்பெண். ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்தால் தவளையே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.

அவனுக்கு நேரெதிர் சௌடேஸ்வரி. கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கிறவர் மகள். கேள்வி கேட்பதற்கென்றே பெற்று விட்டிருக்கிறார்கள். "ரெண்டு பேரும் ஒத்துப்போனா சரின்னு எப்படிங்க மேம் சொல்றது? ரெண்டு பேரும் சேந்து தப்பா இருக்கலாமுல்லங்க?"

"நிகில் சாரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். கேட்க மாட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. வீட்டுக்காரரிடம் வாங்கி வரச் சொன்னேன். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்த மனுஷர், வேறு அளவில் வாங்கி வந்தார்.

ஜனவரி 22, புதன்

பிழைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. முதல் வாரம் பார்த்தால் ஆளுக்கொரு எண். தரணிதரன் எண்ணும் அவன் ஜோடியின் எண்ணும் நூறு எழுத்துத் தள்ளி நின்றன. பட்டியலில் பேர் மேலே வரவேண்டும், எல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கு ஒவ்வொருவராக வந்து "ஒத்துப்போச்சுங்க மேம்", "எங்களுதும் ஒத்துப்போச்சுங்க மேம்" என்று நிற்கிறார்கள். கொஞ்சம் மிரட்டினால் போதும், விஞ்ஞானம் தானாக வரும்.

பிரதிபலிப்பு நாட்குறிப்பில்: "மாணவர்களிடையே தன்னார்வக் கற்றல் காணப்படுகிறது."

பிப்ரவரி 5, புதன்

பதிமூன்று பேர் நூற்றுக்கு நூறு. முதல்வருக்குச் சொன்னதும் கையை உயர்த்திக் கும்பிட்டார்.

சௌடேஸ்வரி மட்டும் யாரோடு ஜோடி போட்டாலும் ஒத்துப்போகவில்லை. ஒரு மரபணு, இரண்டு மரபணு இல்லை, அவள் செய்த எல்லாமே. முடிவு எண் சரியாக இருக்கிறது. தொடக்க எண் மட்டும் ஒவ்வொன்றிலும் ஒன்று கூடுதல். மற்றவர்கள் 4110 என்றால் இவள் 4111. வாயில் இருக்கிற சுறுசுறுப்பு கையில் இல்லை. திருத்தி எடுத்து வரச் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

இதை ஆற்றிக்கொள்ள முடியவில்லை, எழுதித்தான் ஆக வேண்டும்.

திருத்தாமலே வந்து நின்றாள். "திருத்தறதுக்கு ஒண்ணுமில்லீங்க மேம். அவங்க எல்லாத்தோடதும் தப்புங்க" என்றாள். பதிமூன்று பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில்.

"பதிமூன்று பேரும் தப்பு, நீ ஒருத்தி சரி" என்றேன்.

"கம்ப்யூட்டர் குடுக்கற அந்த அட்டவணை பூஜ்யத்துல இருந்து எண்ணுதுங்க மேம். நாம நிரப்பற படிவம் ஒண்ணுல இருந்து எண்ணுது. அதுல இருக்கற தொடக்க எண்ணை அப்படியே எடுத்து இதுல போட்டா, ஒரு எழுத்து முன்னாடி போயிருது. ஒண்ணு கூட்டிப் போடோணும். முடிவெண் மட்டும் ரெண்டுலயும் ஒண்ணேதானுங்க."

"பூஜ்யத்தில் இருந்து உலகத்தில் எவனாவது எண்ணுவானா?"

"நாமளே எண்ணுவமுங்களே." கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்கு வயசு என்னங்க மேம்?"

வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் ஒரு கழுதை, பதில் சொன்னேன். "ஐம்பத்தேழு. அதற்கென்ன?"

"முடிஞ்சதுங்களா, நடக்குதுங்களா?"

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனோடு இன்னும் நாலு பேர்.

அவள் சிரிக்கவில்லை. "ஜாதகத்துல நடப்பு ஐம்பத்தேழும்பாங்க. ஆபீசுல கேட்டா முடிஞ்சது ஐம்பத்தாறும்பாங்க. ரெண்டும் ஒரே ஆளுதானுங்க. அட்டவணை முடிஞ்ச வயசச் சொல்லுது, படிவம் நடப்பு வயசக் கேக்குது. இவங்க எல்லாரும் முடிஞ்ச வயசக் கொண்டுபோய் நடப்பு வயசுன்னு எழுதிட்டு இருக்கறாங்க."

வெளியே போ என்றேன். போனாள். செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு போனாள், அதுதான் எனக்கு ஆகவில்லை.

என் வயசைத் தெருவில் இழுத்துப் போட்டுவிட்டாள் ராட்சசி.

பிப்ரவரி 13, வியாழன்

ஐம்பத்தாறு முடிந்தது. ஐம்பத்தேழு நடக்கிறது. சும்மா எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போயிருந்தார். பொழுது போகவில்லை. அதனால் ஒரு சின்ன மரபணுவை அச்செடுத்துப் பென்சிலால் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்காக இல்லை.

மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றும் ஒரு சொல். "நிறுத்து" என்று ஒரு சொல் உண்டு, அது கடைசியில்தான் வர வேண்டும். ஆரம்பத்தில் ஒரு எழுத்து தப்பாக ஒட்டிக்கொண்டால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாச் சொல்லும் பிசகி, நடுவிலேயே எங்காவது "நிறுத்து" வந்துவிடும். அப்படி வந்தால் அது மரபணு இல்லை, குப்பை.

தரணிதரன் போட்ட தொடக்கத்திலிருந்து ஒரு தடவை படித்தேன். அவள் போட்ட தொடக்கத்திலிருந்து ஒரு தடவை படித்தேன். பிறகு வேறு ஒரு மரபணுவை எடுத்து அதிலும் இரண்டு தடவை படித்தேன். என்ன வந்தது என்று எழுதப் போவதில்லை. என் டைரி, என் இஷ்டம்.

வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். நாலு தென்னையில் வண்டு விழுந்திருக்கிறதாம். "இந்த எழுத்தையெல்லாம் படிச்சா வண்டு போயிருமா?" என்றார்.

"போகாது."

"அப்பறம் எதுக்கு?"

மனுஷருக்குச் சமயம் தெரியாது. சாப்பாடு போட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

முதல்வர் அறையில். பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டாராம்: "மரபணு ஆராய்ச்சியில் மாநிலத்தில் முதலிடம்". இன்னும் அனுப்பவே இல்லை. கடைசி நாள் மார்ச் 3.

"இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு அனுப்பலாம் என்று நினைக்கிறேன்" என்றேன்.

"தப்பு இருக்குதுங்களா?"

"இருக்கிறது என்று சொல்லவில்லை."

"அப்பறம் என்னங்க மேடம். ஒரு புள்ள மட்டும் ஒத்துவரலைன்னு தரணிதரன் சொன்னான். அதையும் சரிபண்ணிருங்க. நூத்துக்கு நூறுன்னு இருந்தாத்தான் நிர்வாகத்துகிட்ட நான் பேச முடியும். உங்க டிபார்ட்மென்ட் நிக்கோணுமா வேண்டாமா? கொஞ்சம் ஒத்துப்போங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தையை எல்லோரும் எனக்கு ஊட்டி வளர்த்தார்கள். மாமியார், நாத்தனார், முந்தைய முதல்வர், அதற்கு முந்தையவர். இந்த ஆளிடமிருந்துதான் பாக்கி இருந்தது.

மத்தியானம் சௌடேஸ்வரியைக் கூப்பிட்டேன். எல்லோர் மாதிரியும் மாற்றிப் போடு என்றேன். ஏன் என்று கேட்பாள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. "நீங்க பாத்தீங்களா மேம்?" என்று மட்டும் கேட்டாள்.

"என்னத்தை?"

"பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமுங்க." என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாத்திப் போடறேனுங்க மேம்."

என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டேன். தலைவலி இருந்தது, பொய் இல்லை.

மார்ச் 3, திங்கள்

அனுப்பியாயிற்று. நூற்றுக்கு நூறு. வாசலில் பேனர், அதில் முதல்வர் படம் பெரிதாக, கூன்வண்டு படம் சின்னதாக. மூக்கை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லோருக்கும் முட்டை பஃப்ஸ், தேங்காய் பன். ஆர்டர் எடுத்தது சௌடேஸ்வரி அப்பாவின் பேக்கரியாம். அவளே ஸ்கூட்டரில் டப்பாக்களைக் கட்டி எடுத்து வந்து மேசை மேசையாக வைத்தாள். "எடுத்துக்குங்க மேம்" என்றாள். ஒரு குத்தலும் இல்லாமல், கடையில் வாடிக்கைக்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் தின்றிருப்பேன்.

மார்ச் 6, வியாழன்

சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. வீட்டுக்காரர் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவர் எதுவும் சொல்லாததற்கும் சேர்த்து அவரைத் திட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

தரணிதரனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். ஜனவரியில் நூறு எழுத்துத் தள்ளி இருந்தது எப்படி ஒரே வாரத்தில் எல்லோருக்கும் ஒத்துப்போனது என்று.

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் போட்டு வாட்ஸப் குரூப்ல அனுப்புவேனுங்க மேம். எல்லாரும் அதைப் பாத்துப் போடுவாங்க."

"ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் போடக்கூடாது என்று சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேம். ஆனா ஒத்துப்போகோணும்னும் சொன்னீங்களே." கொஞ்சமும் பயமில்லாமல், எனக்குப் பாடம் சொல்கிற மாதிரி சொன்னான். "ரெக்கார்டு நோட்டு மாதிரிதானுங்களே மேம். எல்லாருதும் ஒரே மாதிரி இருந்தாத்தான் நீங்க கையெழுத்துப் போடுவீங்க. மாறி இருந்தா கிழிச்சுப் போடுவீங்க. மொத வருசத்துல இருந்து அப்படித்தானுங்க செய்யறோம்."

"சௌடேஸ்வரி?"

"அவ குரூப்புல இல்லீங்க மேம். சண்டை போட்டுட்டே இருந்தாள்னு போன வருசமே எடுத்து உட்டுட்டோம்."

ஆக, தரணிதரனை விட்டால் கல்லூரியிலேயே ஒரு மரபணுவைத் தானாகப் பார்த்தவள், வாட்ஸப் குரூப்பிலிருந்து தள்ளிவிடப்பட்ட ஒருத்தி. அவள் போட்டதையும் அழிக்க வைத்தாயிற்று. நிகில் என்கிற அந்தப் பனியன் சட்டைக்கு இந்த ஊர் ரெக்கார்டு நோட்டைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். அதை உண்டாக்கியவளே நான்.

மார்ச் 12, புதன்

பெங்களூருக்குப் போன் செய்தேன். எங்கள் கல்லூரி அனுப்பியது முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். தொடக்க எண் எல்லாம் ஒன்று பிசகியிருக்கிறது, அதோடு இரண்டு பேராகச் செய்யவில்லை, ஒருவன் செய்ததைப் பதிமூன்று பேர் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

நிகில் கீபோர்டைத் தட்டுவது கேட்டது. "நூத்துக்கு நூறு பாத்தப்ப எங்களுக்கே ஒரு டவுட் இருந்துச்சு மேடம். ஆனா விதிப்படி ஒத்துப்போனா ஏத்தித்தான் ஆகணும். நீங்க சொல்லலைன்னா நாளன்னிக்கு பட்டியல்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"தெரியும்."

"மறுபடி செஞ்சு ஏப்ரல் கடைசிக்குள்ள அனுப்பலாம் மேடம். ஆனா மொதல் பட்டியல்ல வராது."

"தெரியும் என்று சொன்னேனே தம்பி."

போனை வைத்த பிறகு பயமாக இருந்தது. இதை மறைத்து எழுத எனக்கு இன்று தெம்பில்லை.

மார்ச் 13, வியாழன்

முதல்வர் உட்காரச் சொல்லவில்லை.

"யாரைக் கேட்டுத் திருப்பி எடுத்தீங்க? பேனர் கட்டி, பத்திரிகைக்காரனுக்குச் சொல்லி, சேர்மன் ஐயாவக் கூட்டிட்டு வந்து போட்டோ எடுத்து... நான் நாளைக்கு அவர் மூஞ்சில எப்படிங்க முழிக்கறது?"

"தப்பான பட்டியலில் முதலில் நிற்பதைவிட..."

"எவனுக்குத் தெரியப் போகுதுங்க மேடம் அந்த ஒரு எழுத்து? வண்டுக்குத் தெரியப் போகுதா?" மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். "உங்க டிபார்ட்மென்டுக்கு உங்க கையாலயே பால் ஊத்திட்டீங்க. இனி எங்கிட்ட வராதீங்க."

அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பேனரைக் கழற்ற ஆள் ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தான். முதல்வர் முகம் பாதி மடிந்து தொங்கியது. அதை மட்டும் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

வகுப்பில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து என்று சொன்னேன். தரணிதரன் முகம் செத்துப் போயிற்று. "என்னோடது தப்புங்களா மேம்?" என்றான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிற கேள்வி.

சௌடேஸ்வரியை எழுப்பி, அந்த வயசுக் கணக்கை எல்லோருக்கும் சொல் என்றேன். அவள் எழுந்து, என் வயசைத் தொடாமல், பேக்கரிக்கார அப்பாவின் வயசை வைத்துச் சொன்னாள். அது அவள் எனக்குக் காட்டிய மரியாதை என்று நினைக்கிறேன். அல்லது இனி என்னோடு எதற்கு என்று விட்டிருக்கலாம்.

வகுப்பு முடிந்து வரும்போது வராண்டாவில் நின்றாள். நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "நாளையிலிருந்து ஒழுங்காக வகுப்புக்கு வா" என்றேன்.

"நான் தெனமும் வந்துட்டுத்தான் இருக்கறேனுங்க மேம்" என்றாள்.

மார்ச் 26, புதன்

முன்பு தவளை போட்டு வைத்திருந்த வாளியைக் கழுவி, எல்லோர் போனையும் அதில் வாங்கிப் போட்டுவிடுகிறேன். ஜோடி ஜோடியாகப் பிரித்து லேபின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் உட்கார வைத்தேன். பத்து நாளில் ஒத்துப்போனது பாதிகூட இல்லை. வெட்கக்கேடு.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றைக்கு லேபில் தெருக்குழாய்ச் சண்டை. ஒரு மரபணு எங்கே தொடங்குகிறது என்று சௌடேஸ்வரிக்கும் தரணிதரனுக்கும். அவள் திரையில் விரலை வைத்துக் குத்துகிறாள், அவன் மற்ற பூச்சிகளின் மரபணுவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறான். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் "நீ மொதல்ல அந்த எழுத்தப் படிடா" என்று கத்துகின்றன. கடைசியில் அவன் சொன்னதுதான் சரி. சௌடேஸ்வரி தோற்றதில் எனக்கு அரை நாள் சந்தோஷம்.

இத்தனை வருஷம் என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பிரதிபலிப்பு நாட்குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

அனுப்பினோம். நூற்றுக்கு அறுபத்தைந்து ஒத்துப்போனது. மீதியை இரண்டு பேர் சொல்வதையும் எழுதி, ஏன் ஒத்துவரவில்லை என்றும் எழுதி அனுப்பினோம். அப்படி அனுப்பலாம் என்று நிகிலே சொன்னான்.

மே 15, வியாழன்

நிகிலிடமிருந்து தகவல். எங்கள் வேலையை ஏற்றுக்கொண்டார்களாம். வெளியாகப் போகிற கட்டுரையின் பின்னால் பதினாலு பேர் பெயரும் வருமாம், நுணுக்கி நுணுக்கி, பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒருவன் "பேப்பர்ல வருமா மேம்?" என்றான். வராது என்றேன். வருத்தப்பட்டான். முட்டாள்.

மே 26, திங்கள்

அட்மிஷன் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டார்கள். பி.காம், பி.காம் சி.ஏ, பி.பி.ஏ, கம்ப்யூட்டர் சயன்ஸ், உயிர்த்தொழில்நுட்பம், ஆங்கிலம். விலங்கியல் இல்லை. தெரிந்ததுதான், இருந்தாலும் பலகையின் பின்பக்கமும் போய்ப் பார்த்தேன்.

என்னை அட்மிஷன் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கிற ஆறு பேர் வகுப்பு போக, ஓய்வு வரைக்கும் இப்படி எதிலாவது போடுவார்களாம். விண்ணப்பம் விற்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

காலை முழுக்க பி.காம். மத்தியானம் ஒரு அப்பாவும் பெண்ணும் வந்து விண்ணப்பம் வாங்கினார்கள். அப்பா வேட்டியில் தென்னைமட்டைக் கறை. பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பெயர் மகிழ்மதி.

"இங்க கூன்வண்டு படிக்கறாங்களாமே, அந்தக் கோர்ஸுக்கு வந்தோமுங்க" என்றார் அப்பா.

என் பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தான். நான் அவனைப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டான்.

"யார் சொன்னது?"

"பேக்கரியில சௌடேஸ்வரி அக்கா சொன்னாங்க" என்றாள் பெண். "எங்க தோட்டத்துல பாதி மரம் வண்டுல போயிருச்சுங்க மேம். அந்த வண்டோட எழுத்தெல்லாம் இங்க பாக்கலாம்னு சொன்னாங்க. அப்பறம், இங்க ஒரு மேம் இருக்காங்க, தப்புன்னு தெரிஞ்சா எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லிருவாங்க, அவங்ககிட்டப் போய்ப் படின்னு சொன்னாங்க."

இருபத்தெட்டு வருஷத்தில் விலங்கியல் வேண்டும் என்று இந்த மேசைக்கு யாரும் வந்ததில்லை. பஸ் நிறுத்தத்துக்காக வந்திருக்கிறார்கள். வேறு இடம் கிடைக்காமல் வந்திருக்கிறார்கள். வேண்டும் என்று வந்த முதல் பிள்ளை இவள், அவளிடம் நான் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"அந்தக் கோர்ஸை எடுத்துட்டாங்கம்மா" என்றேன்.

"ஏனுங்க மேம்?"

கிளார்க் என்னைப் பார்த்தான். முதல்வர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஆள் சேரவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"அந்த மேம் நான்தான்" என்றேன். "தப்பைக் கண்டுபிடித்தது சௌடேஸ்வரி. நான் அவளை வகுப்பை விட்டு வெளியே அனுப்பினேன். அவள் சரியாகப் போட்டதை என் எதிரிலேயே அழிக்க வைத்தேன். அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கு அப்போதே தெரியும். பிறகு பெங்களூருக்குச் சொன்னேன், அதற்குள் நேரமாகிவிட்டது, கோர்ஸும் போய்விட்டது."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. வரிசையில் நின்ற பி.காம் பெற்றோர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெண்ணுக்கு விளங்கியது. முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது, அது நியாயம்தான்.

"அந்த அக்கா இதெல்லாம் சொல்லவே இல்லீங்களே" என்றாள்.

"அவளுக்கு நல்ல மனசு. எனக்கு இதுவரைக்கும் தெரியாது." அவர்கள் வாங்கியிருந்த விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் விலங்கியல் இருக்கிறது, இன்றைக்கே போனால் இடம் கிடைக்கும் என்று சொன்னேன். எங்கள் கல்லூரி மேசையில் உட்கார்ந்துகொண்டு. கிளார்க் எழுந்து முதல்வர் அறைக்குள் போனான். போகட்டும்.

அவர்கள் படியிறங்கும்போது பெண் மட்டும் திரும்பி வந்தாள். "மேம், அங்க அப்படிச் சொல்றவங்க யாராச்சும் இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க. நீ சொல்லு. வெளியே போன்னு சொன்னா வராண்டாவில் நின்னு சொல்லு."

தலையை ஆட்டினாள். அப்பா ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு நின்றார், பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். அடுத்த ஆள் பி.காம் சி.ஏ. வேண்டும் என்றான்.